ஒட்டியிருந்த சுரங்கள்

செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்தவள் கலைச்செல்வி. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கைதான். எழுத்தோடு எழுத்து ஒட்டியிருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. மணமக்கள் பெயர்கூட அவள் அமைக்கும் பக்கத்தில் மரியாதையான தூரத்தில்தான் நிற்கும்.

அந்தக் கடையை நிரந்தரமாக மூடியபின் வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்று கிடைத்தது. சென்னைப் பதிப்பகம் ஒன்று சர்ச் பாடகர் குழுக்களுக்குப் பாட்டுப் புத்தகம் போடுகிறது. கையால் எழுதிய சுரக்குறிகளைக் கம்ப்யூட்டரில் மேற்கத்திய இசைக்கான ஐந்து கோட்டின்மேல் புள்ளிகளாக ஏற்ற வேண்டும். அவளுக்குச் சங்கீதம் தெரியாது. பார்த்து அடித்தால் போதும் என்றார்கள். இதுவும் போனால் மகளை விட்டுவிட்டு ஒரகடம் கம்பெனி ஹாஸ்டலுக்குப் போக வேண்டும்.

அதனால் உயிரைக் கொடுத்து உழைத்தாள். இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களைப் பாடும் இடங்களில், மென்பொருள் இரண்டு புள்ளிகளையும் தோளோடு தோள் ஒட்டி வைத்தது. கலைச்செல்விக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிடித்து வலப்பக்கம் நகர்த்தினாள், புத்தகம் முழுக்க. பக்கங்கள் பளிச்சென்று இருந்தன, யார் இல்லை என்றார்கள்.

அவள் அனுப்பிய பக்கங்களை வைத்துச் சர்ச்சில் ஒத்திகை நடந்த மறுநாள் பதிப்பக எடிட்டர் இளவழகன் போன் செய்தார்.

"ஒண்ணா பாட வேண்டியத ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் பாடறாங்கம்மா. தள்ளி வச்சா அப்படித்தானே படிப்பாங்க? யாரு நகர்த்துனது?"

"நான்தான் சார். ஒட்டிக்கினு இருந்துச்சி."

"ஒட்டித்தான் இருக்கணும். முதலாளி வேற ஆள் பாக்கச் சொல்றார். சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணிக் குடுங்க."

போனை வைத்ததும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். மென்பொருளில் தேடித் துழாவினாள். கையால் நகர்த்தியதையெல்லாம் பழைய இடத்துக்கே கொண்டுபோகும் கட்டளை ஒன்று இருந்தது. அழுத்தினாள். வாரக்கணக்காகப் பார்த்த வேலை கண்ணெதிரே கலைந்து, புள்ளிகள் எல்லாம் போய் ஒட்டிக்கொண்டன. டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

அனுப்பினாள். இளவழகன் உடனே கூப்பிட்டு, சரியாக இருக்கிறது, அடுத்த புத்தகமும் உங்களுக்குத்தான் என்றார். அவளுக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் கூடியது.

"சார், மிஷினே கரெக்டா வைக்குது. அப்போ நான் இன்னாத்துக்கு?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"இத முதலாளிகிட்ட மட்டும் கேட்டுடாதீங்கம்மா," என்றார் இளவழகன். "அடுத்து அவரு என்னைப் பத்தி யோசிப்பாரு."