தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்பவனோடு ஜூடோ

ஜூடோ பழகிய காலத்தில் நான் கீழே விழுந்தது நானூற்றுப் பதினேழு தடவை. மற்றவர்களை விழவைத்தது ஒரு தடவைகூட இல்லை. கணக்கில் பிழை இருக்காது. காற்றில் இருக்கும்போதே எண்ணிவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு. அந்த நேரத்தில் செய்வதற்கு வேறு வேலையும் இல்லை.

அறுபதுகளின் நடுவில், கடலூர் செம்மண்டலத்தில் ஒரு பழைய வண்டிக் கொட்டகையில் எங்கள் பயிற்சி நடந்தது. சொல்லிக்கொடுத்தவர் பட்டாளத்திலிருந்து திரும்பியவர். மாஸ்டர் என்போம். மெத்தை வாங்க வழியில்லாததால், நெல்லிக்குப்பத்திலிருந்து காய்ந்த கரும்புத் தோகையான சோகையைக் கொண்டுவந்து கோணிகளில் அடைத்து, மேலே தார்ப்பாய் போட்டுத் தைத்தோம். சோகையோடு துண்டுக் கரும்பும் உள்ளே போய்விட்டது. ஒரு வாரத்தில் எறும்பு வந்தது. எதிராளியை மல்லாத்தி முப்பது விநாடி அழுத்திப் பிடித்தால் வெற்றி என்பது விதி. எங்கள் கொட்டகையில் யாரும் முப்பதை எட்டியதில்லை. கீழே கிடப்பவன் எட்டில் தோல்வியை ஒப்புக்கொள்வான். இல்லாவிட்டால் மேலே கிடப்பவன் பத்தில் எழுந்து ஓடுவான்.

என்னோடு பழக வாய்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர், ஆள் மூட்டை மாதிரி இருப்பார். அவருக்குக் கூச்சம் ஜாஸ்தி. இடுப்புப் பட்டையைப் பிடித்தாலே, “ஐயோ, வேணாம் தம்பி, வேணாம்” என்று சிரித்துக்கொண்டு அப்படியே என்மேல் சரிந்துவிடுவார். அது ஜூடோவில் எந்தப் பிடியும் இல்லை. ஆனாலும் விழுந்தது நான் என்பதால் என் கணக்கில்தான் ஏறியது.

இன்னொருவன் கடலோரத்து மீன்பிடிக் குடும்பத்தைச் சேர்ந்தவன். வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தான். என் வயது, என் எடை. ஒல்லிக் காலால் என் கணுக்காலை வாரி வீழ்த்துவதில் அவனுக்கு இணையில்லை. தொல்லை அதற்குப் பிறகுதான். ஒருவர்மேல் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று எல்லோரையும்போலத்தான் அவனையும் வளர்த்திருந்தார்கள். நாங்கள் கொட்டகை வாசலில் செருப்போடு அதையும் விட்டுவிட்டு வருவோம். அவனால் முடியவில்லை. என்னை வாரிய கையோடு குனிந்து, என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். அதுவும் இரண்டு தடவை.

“ஒரு வாட்டி தொட்டா போதாதா மச்சான்?” என்று கேட்டேன்.

“ஒண்ணு உனக்கு. ஒண்ணு உனக்குள்ள இருக்கிற சாமிக்கு.”

“சாமியையும் சேத்தா கீழ தள்ளுன?”

“அதனாலதான மச்சான் தொட்டுக்கிறேன்.”

மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். “டேய், கால் படாம எப்படிடா ஜூடோ பண்ணுவ?”

“படட்டும் மாஸ்டர். பட்டா தொட்டுக்கிறேன்.”

இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. ஜூடோவில் தோல்வியை ஒப்புக்கொள்பவன், எதிராளியின் உடம்பில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். இவன் தட்டினானா, தொட்டுக் கும்பிட்டானா என்று தினமும் தகராறு. ஆகவே மாஸ்டர் எங்கள் கொட்டகைக்கென்று ஒரு விதி போட்டார். தட்டுவது செல்லாது, தோற்றவன் “போதும்” என்று வாயால் கத்த வேண்டும். விதி என்றால் அவருக்கு அலுக்காது. மெட்ராஸ் போய்வரும்போதெல்லாம் புதிதாக ஒன்று கொண்டுவருவார். எங்கள் தையல்காரர் டாக்டர் கோட்டு மாதிரி மூன்று பை வைத்துத் தைத்த ஜூடோ சட்டைகளை, பை கூடாது என்று வந்த விதியால் அப்படித்தான் ஒரு மாதம் பிரித்துத் தைத்தோம். என் விரல் இரண்டு அதற்கு முன்பே ஆலைக்காரரின் பையில் மாட்டிச் சுளுக்கியிருந்தது.

சிதம்பரத்தில் போட்டி என்று செய்தி வந்ததும் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இதபாரு, அங்க ஒரு ஆட்டமாவது ஜெயிச்சா மெத்தையில இரு. இல்லன்னா இனிமே ஓரமா நாற்காலி போட்டு உக்காந்து பாயிண்ட் எண்ணு. உனக்கு அதுதான் நல்லா வருது.”

எண்ணுவது எனக்குப் பிடிக்கும்தான். ஆனால் வீட்டில் நாங்கள் ஒன்பது பேர். என் சட்டையைப் பிடித்து என்னை மட்டுமே கவனிக்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. கொட்டகையில் அதற்கு இரண்டு பேர் இருந்தார்கள்.

போட்டி நாளன்று பேருந்தில் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனோம். சிதம்பரத்தில் ஒரு மைதானத்தில் விடுதி மெத்தைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். கண்ணாடி போட்ட நடுவர் எல்லோரையும் கூட்டி, விதிகள் மாறிவிட்டன என்றார். இனி எடைவாரியாகத்தான் ஆட்டம். பக்கவாட்டில் விழுந்தால் பாதி வெற்றிதான், ஆட்டம் தொடரும். தோல்வியை வாயால் சொன்னால் செல்லாது. இரண்டு தட்டு, அவ்வளவுதான், அதற்குமேல் பேச்சே கிடையாது.

எடை பார்த்துப் பிரித்ததில், கடைசிப் பிரிவில் மொத்தம் இரண்டே பேர். நானும் அவனும்.

“என்னா மச்சான், இதுக்கு நம்ம ஊர்லயே பண்ணியிருக்கலாமே” என்றான்.

மாஸ்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “டேய், இங்க தொட்டா தோல்வி. புரியுதா?”

“புரியுது மாஸ்டர்.”

“அவனுக்கு இன்னா ஆனாலும் தொடக் கூடாது.”

“தொடமாட்டேன் மாஸ்டர்.”

ஆட்டம் தொடங்கியதும் அவன் வாரினான். பக்கவாட்டில் விழுந்தேன். நடுவர் பாதி வெற்றி கொடுத்து, தொடரச் சொன்னார். அவன் என்மேல் பாய்ந்து அழுத்தினால் என் கதை முடிந்தது. அவன் பாயவில்லை. நின்றபடியே வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டான். நெற்றியெல்லாம் வியர்வை.

“தம்பி, அடக்கிக்க! அடக்கிக்க!” என்று ஓரத்திலிருந்து ஆலைக்காரர் கத்தினார்.

நான் எழுந்திருக்க வேண்டும். ஆனால் எண்ணத் தொடங்கியிருந்தேன். ஐந்து விநாடி தாங்கினான். ஆறாவதில் குனிந்தான். என் தோளில் எனக்கு ஒன்று. அதே தோளில் சாமிக்கு ஒன்று. இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெருமூச்சு விட்டான்.

நடுவர் என் பக்கம் கையை உயர்த்தினார்.

மாஸ்டர் மெத்தைமேல் ஓடிவந்தார். “சார், அது தட்டு இல்ல சார், மரியாதை!”

“ரெண்டு தட்டு” என்றார் நடுவர்.

“ஒண்ணுதான் சார்!” மாஸ்டர் என்னைப் பார்த்தார். “சொல்லுடா, நீதான் எல்லாத்தையும் எண்ணுவியே!”

கிடந்தபடியே சொன்னேன். “ரெண்டுதான் மாஸ்டர்.”

திரும்பும் பேருந்தில் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். கோபமா என்று கேட்டேன்.

“எதுக்கு மச்சான்? அந்த அஞ்சு விநாடிதான் உசுரு போச்சு. தொட்டதும் சரியாப் போச்சு.”

மாஸ்டர் சொன்ன சொல்லை மாற்றவில்லை. நாற்காலி யாருக்கும் போடப்படவில்லை. மறுநாள் அதற்குப் பதிலாக ஒரு புது விதி போட்டார். வாருகிறவன், நடக்கப்போகிற எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே தொட்டுக்கொள்ள வேண்டும், ஆட்டம் தொடங்கிய பிறகு தொடக் கூடாது.

அவன் சரியென்று என் எதிரே வந்து நின்று, இரண்டிரண்டாகத் தொட ஆரம்பித்தான். நான் எண்ணினேன். இருபத்திரண்டில் நிறுத்தினான். அன்று நான் பதினொரு தடவை விழப்போகிறேன் என்று தெரிந்தது. அவன் என் கால்களை ஒருமுறை பார்த்து, சற்று யோசித்து, இன்னும் இரண்டு தொட்டான்.

பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு மெத்தையில் ஏறினேன்.