பதுவைக்காரன் பேரில் ஒரு விண்கலம்

சவுந்தரநாயகம் முப்பது வருஷம் துறைமுகத்தில் கிளார்க் வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆனதும் மற்றவர்கள் வீட்டுக்கு மாபிள் பதிக்க, இவர் தொலைநோக்கி வாங்கினார். இளவயதில் தொடங்கிய அந்த வானப் பைத்தியத்தால்தான் கலியாணம் சரிவரவில்லை என்று கொழும்புக் கொட்டாஞ்சேனையில் கதை. நான் விசாரித்த அளவில், பெண் வீட்டார் இவரை நேரில் பார்த்ததுதான் காரணம்.

2020 ஏப்ரல், ஊரடங்கு நேரம். புதன் கிரகத்துக்குப் போகிற பெப்பிகொலம்போ என்ற கலம் பெரிய வெள்ளியன்று பூமிக்குக் கிட்டவாகக் கடந்து போக இருந்தது. திரும்ப இந்தப் பக்கம் வராது. அன்று விடியுமுன் படம் பிடித்தால் உண்டு. ஆனால் சவுந்தரநாயகத்தின் முற்றத்து வானத்தில் முக்கால்வாசியைப் பக்கத்து வீட்டு யோசெப்பீன் அக்காவின் மூன்று மாடி வீடு மறைத்தது.

தன் மொட்டைமாடிக்கு ஆளை ஏற்றாத அக்கா, கலத்தின் பேரைக் கேட்டதும் சம்மதித்தார். நம் கொழும்பின் பேர் என்று வத்தளைத் தங்கச்சிக்கும் போன் போட்டுச் சொன்னார். சவுந்தரநாயகம் திருத்தவில்லை.

பெரிய வியாழன் பின்னேரம் மிலானில் இருந்து அக்காவின் மகள் றோஸி போன் எடுத்தாள். அதன் பிறகு மதிலுக்கு மேலால் வந்த சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

"சவுந்தரம்! கொலம்போ எண்டுறது ஒரு மனிசன்ர பேராமே! மிலானில தெருவுக்கு நாலு கொலம்போவாம்!"

"ஓம் அக்கா, இத்தாலிப் புரொபசர் ஒராள்."

"அப்ப என்னை ஏன் பேய்க்காட்டினீர்?"

"நான் வாயே திறக்கேல்லையே. நீங்கதான் கொழும்பு எண்டு கொடி ஏத்தினீங்க."

"கதையைப் பார்! மாடிக் கதவுத் திறப்பு தரமாட்டன். ஆரோ ஒரு இத்தாலிக்காரனுக்கு என்ர மாடியோ?"

சவுந்தரநாயகம் அசரவில்லை. போனைத் தட்டிப் பார்த்தார்.

"ஆள் பிறந்த ஊரையாவது கேளுங்கோ. பாதுவா."

"அது எங்க கிடக்கு?"

"செபப் புத்தகத்தில பதுவை எண்டு கிடக்கே, அது."

மதிலுக்கு மேலால் அக்காவின் தலை எட்டிப் பார்த்தது.

"அந்தோனியாற்ற பதுவையோ?"

"ஓம். அவற்ற ஊர்ப் பொடியன்."

பதுவைப் புனிதர் என்று பேர் எடுத்தாலும் அந்தோனியார் பிறந்தது லிஸ்பனில். அது சவுந்தரநாயகத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. திறப்பு மதில் தாண்டி வந்தது.

விடியற்காலை அக்காவும் உட்காரக் கதிரையோடு மேலே வந்துவிட்டார். லப்டொப்பில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று படம். நட்சத்திரங்கள் நின்ற இடத்தில் நிற்க, ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்தது.

"பிடிச்சிட்டன்!" என்றார் சவுந்தரநாயகம்.

"இவ்வளவுதானோ? பாவம், தனியப் போகுது." அக்கா திரையின் மேல் சிலுவை வரைந்தார்.

"அக்கா, கையை எடுங்கோ. பதுவைக்காரனை மறைக்குது."