பன்னிரண்டு மணி விளக்கு

“வெயிலக்கூடவா பாப்பா கடையில போயி வாங்குவாங்க?”

என் மீன் தொட்டியின் மேல் மாட்டியிருந்த விளக்கைப் பார்த்து அம்மா கேட்டது இது. அதோடு விடாமல் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். “வாங்கியும் என்னா வெளஞ்சுது? பாசிதான் வெளஞ்சிருக்குது.”

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது உண்மை என்பதால் கூடுதலாகச் சுருக்கென்றது.

தருமபுரியில் நான் குடியிருப்பது ஒரு வீட்டின் பின்பக்க அறை. ஒரே ஜன்னல். திறந்தால் கை நீட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். பகலிலும் டியூப்லைட் போட்டால்தான் எடுத்த துப்பட்டா நீலமா கருப்பா என்று தெரியும். அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் இருந்த அக்கா மாற்றலாகிப் போகும்போது, லாரியில் ஏற்றினால் உடைந்துவிடும் என்று தன் ஒன்றரை அடித் தொட்டியையும் எட்டு கப்பி மீன்களையும் என்னிடம் விட்டுப் போனார். பிளாஸ்டிக் செடிகளை எடுத்துவிட்டு உண்மையான செடி வைக்க ஆசைப்பட்டது நான்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். பிறகு தாவரவியலில் பட்டம், அதன்பின் தேர்வெழுதி அரசு வேலை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் தப்பான விளக்கை வாங்க வைத்ததும் இந்தப் பெருமைதான்.

மீன் கடைக்காரர் அன்றே சொன்னார். “நீங்க எடுத்திருக்கிறது அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன். ரெண்டுமே நெழல்ல வளர்றதுங்க மேடம். சின்ன லைட்டே போதுங்க.”

“ஒளிச்சேர்க்கையப் பத்தி மூணு வருஷம் படிச்சிருக்கேங்க நான்” என்றேன்.

“அப்ப சரிங்க” என்று பெரிய விளக்கை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

படிப்பை மட்டும் குறை சொல்ல முடியாது. இண்டூர் பக்கத்தில் எங்கள் நிலத்து வரப்பில் ஒரு வேப்பமரம் உண்டு. வருஷா வருஷம் அப்பா அதன் கிளைகளைக் கழித்துவிடுவார். நிழல் விழுந்த இடத்தில் ராகி கதிர் பிடிக்காது. வெளிச்சம் கூடினால் விளைச்சல் கூடும் என்பதை எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்டதில்லை. அந்தக் கணக்கைத் தண்ணீருக்குள்ளும் போட்டுவிட்டேன். மெதுவாக வளரும் செடிகள் அவ்வளவு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யத் தெரியாமல் நின்றன. பாசிக்குத் தெரிந்தது. இரண்டே வாரத்தில் கண்ணாடி பச்சையாகி, அனுபியாஸ் இலையிலெல்லாம் நூல் நூலாக முடி முளைத்தது.

அம்மா அன்று வந்திருந்தது கண்ணைக் காட்ட. இரண்டு கண்ணிலும் புரை. மறுவாரமே வலது கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. டாக்டர் சொன்னது மூன்று விஷயம்: ஒரு மாதம் குனியக்கூடாது, தூசியில் போகக்கூடாது, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து தவறவே கூடாது. காலை எட்டுக்கு நான் ஊற்றிவிடலாம். இரவு எட்டுக்கும் நான் இருப்பேன். நடுவில் பன்னிரண்டும் நாலும் அம்மாவின் பொறுப்பு. படுத்துக்கொண்டு தானே ஊற்றிக்கொள்ள நர்ஸ் பழக்கிவிட்டிருந்தார். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, ஒரு மாதம் விடுப்பு கேட்கிற இடத்தில் நான் இல்லை. ஊருக்கு அனுப்பினாலோ மறுநாளே தக்காளி பறிக்கக் குனிந்துவிடுவாள். அவளைத் தடுக்க அப்பாவால் ஆகாது.

முதல் நாள் மாலை வந்து பார்த்தால் மருந்து புட்டி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

“ஏம்மா ஊத்திக்கல?”

“மணி எப்பிடித் தெரியும்? வாசப்படியில நின்னு பாத்தா செவுருதான் தெரியுது. வெயிலும் இல்ல, நெழலும் இல்ல. காலையிலயும் இதே இருட்டு, மத்தியானமும் இதே இருட்டு. வூட்ல இருந்தா தென்னமர நெழலப் பாத்தே சொல்லிருவேன்.”

கடிகாரம் பார்க்க அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் மிச்சமிருந்த ஒரு கண்ணுக்கு அந்த முள் தெரியாது. மறுநாள் அவளுடைய போனில் அலாரம் வைத்துப் போனேன்.

“மத்தியானம் யாரோ கூப்ட்டாங்க பாப்பா. ஹலோ ஹலோன்னு பத்து தடவ சொன்னேன். பாட்டு மட்டும் போட்டுட்டு வெச்சிட்டாங்க. திமிரு புடிச்சவங்க.”

சிரிப்பு வந்தது, ஆனால் அம்மாவின் கண் சிவந்திருந்தது. மருந்தைத் தவறவிட்டால் உள்ளே சீழ் பிடித்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா மூன்றாம் நாளே பையில் துணியை மடித்து வைத்துவிட்டாள். “என்னய பஸ் ஏத்தி வுட்டுரு. இந்த வெளக்கு வேற வெல்டிங் வெக்கிற மாதிரி கூசுது.”

அன்று மாலை கூசும் விளக்கையாவது மாற்றலாம் என்றுதான் கடைக்குப் போனேன். நான் பாசியைப் பற்றி வாயைத் திறக்குமுன்பே கடைக்காரர் சின்ன விளக்கை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு முழ நீளம், வெள்ளை வெளிச்சம், பெரியதில் கால்வாசிகூட இல்லை. நேராகக் கீழே மட்டும் விழும், பக்கத்தில் இருப்பவர் கண்ணில் அடிக்காது.

“இதையும் நாள் பூரா போடக்கூடாதுங்க. ஏழு மணி நேரம் போதும். ஒரு டைமர் வெச்சிருங்க. நடுவுல ரெண்டு மணி நேரம் அணைஞ்சாலும் இந்தச் செடிங்களுக்கு ஒண்ணும் ஆவாது.”

நடுவில் அணைந்தாலும் ஒன்றும் ஆகாது. அந்த வார்த்தையில்தான் எனக்கு வழி தெரிந்தது. எந்த நேரம் எரிய வேண்டும் என்பதைச் செடி கேட்கவில்லை என்றால் அம்மாவின் கண் சொல்லட்டும்.

டைமர் என்பது பிளக்கில் செருகும் வட்டமான பெட்டி. சுற்றிலும் சின்னச் சின்னப் பற்கள், கால் மணிக்கு ஒரு பல். அழுத்தி வைத்த பற்களின் நேரத்தில் மட்டும் விளக்கு எரியும். பன்னிரண்டிலிருந்து நாலு வரை அழுத்தினேன். மிச்ச மூன்று மணி நேரத்தை மாலையில், நான் வீட்டில் இருக்கும்போது வைத்துக்கொண்டேன்.

“தொட்டியில வெளக்கு வந்தா ஒரு சொட்டு. போனா ஒரு சொட்டு. அவ்ளோதாம்மா.”

“வர்றப்ப ஒண்ணு, போறப்ப ஒண்ணு. இத மொதல்லயே சொல்றதுக்கென்னா?”

பையிலிருந்த துணி மறுபடி கொடிக்கு வந்தது. விளக்கு வந்ததும் மருந்து, மருந்துக்குப் பிறகு மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி என்று அம்மா தனக்கு ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டாள். மாலையில் எனக்கு நாள் முழுவதன் கதையும் கிடைக்கும். “அந்த ஆரஞ்சு வாலு இருக்குதே, சரியான ரவுடி. மத்ததுங்கள திங்கவே வுடமாட்டேங்குது.” கண்ணாடியில் பாசி குறைந்தது. அனுபியாஸில் ஒரு புது இலை சுருட்டாக எட்டிப் பார்த்தது. எனக்கு முன்னால் அதைப் பார்த்தது அம்மாதான், அந்த வலது கண்ணால்.

மூன்றாவது வாரம் ஒரு நாள், பராமரிப்புக்காக ஊர் முழுக்க மின் நிறுத்தம். அலுவலகத்தில் பன்னிரண்டரைக்கு மின்விசிறி இல்லாமல் வியர்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. கரண்ட் இல்லையென்றால் டைமரும் நின்றுவிடும். இப்படி ஒரு நாள் வரும் என்று நான் யோசிக்கவேயில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஓடினேன்.

அம்மா வாசலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

“மருந்து?”

“அப்பவே ஊத்திக்கிட்டேன்.”

“வெளக்கே வரலையேம்மா, எப்பிடித் தெரிஞ்சுது?”

“மீனுங்க வந்து நின்னுச்சில்ல. தெனமும் நான் தீனி போடற மூலைக்கு எட்டும் வந்து வாயப் பொளந்துக்கிட்டு நின்னுச்சுங்க. கரண்டு இல்லேன்னா அதுங்களுக்குப் பசிக்காதா? சரி, மணி ஆயிருச்சுன்னு மொதல்ல நான் ஊத்திக்கிட்டு அப்பறம் அதுங்களுக்குப் போட்டேன்.” பிறகு என் முகத்தைப் பார்த்து, “நீ ஏன் இப்பிடி நாய் தொரத்துன மாதிரி ஓடியாந்த? சாப்ட்டியா?” என்றாள்.

அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். அன்று காலை ராகிக்களி உருண்டையைத் தட்டில் வைத்து மூடிவைத்திருந்தேன். அதில் பாதியை அவள் எனக்காக மிச்சம் வைத்திருந்தாள். குழம்பில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, நாலு மணிச் சொட்டுக்கு நானே வருகிறேன் என்று சொல்லி அலுவலகம் திரும்பினேன். வழியெல்லாம் மனதுக்குள் ஒவ்வொருவராக நன்றி சொல்லிக்கொண்டே போனேன்: தொட்டியை விட்டுப்போன அக்காவுக்கு, ‘நான்தான் சொன்னேனே’ என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாத கடைக்காரருக்கு, அந்த எட்டு மீனுக்கு. அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் “என்னா பாப்பா, ஒடம்புக்கு முடியலையா?” என்பாள்.

மாதக் கடைசியில் டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு, “நல்லா ஆறியிருக்கு. மருந்து யாரும்மா ஊத்துனது? பொண்ணா?” என்று கேட்டார்.

“பாதி அவ ஊத்துனா. பாதி நானேதாங்க. ஒரு வேள தவறுனதில்ல” என்றாள் அம்மா. அந்த முதல் மூன்று நாளைப் பற்றி நானும் வாயைத் திறக்கவில்லை.

அவள் ஊருக்குப் போனபின் விளக்கை என் வசதிக்கு, முழுவதும் மாலைக்கு மாற்றிக்கொண்டேன். செடிகளுக்கு அதிலும் குறையில்லை. ஜாவா ஃபெர்னில் இலை நுனியில் குட்டிச் செடிகள் தொங்குகின்றன.

இடது கண்ணுக்கும் தேதி வாங்கிவிட்டேன். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நேற்று காலை வேலைக்குக் கிளம்பும்முன் டைமரின் பற்களைப் பன்னிரண்டிலிருந்து நாலு வரை அழுத்தி வைத்தேன். மதியச் சாப்பாட்டு இடைவேளையை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிக் கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறேன். அம்மா வரும்வரை தினமும் பன்னிரண்டு மணிக்கு வந்து அவளுடைய மூலையில் மீனுக்குத் தீனி போட்டுவிட்டுப் போகிறேன்; கரண்ட் போனாலும் மணி சொல்ல அதுகள் பழகியிருக்க வேண்டுமே.