மச்சான் கண்டுபிடித்த அச்சுப் பிழை

போன வாரம் மச்சான் என்னிடம் ஒரு குர்ஆன் பிரதியைக் கொடுத்து, "இதைக் கடையில திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்கிட்டு வாங்க மாப்ள, இதுல அச்சுப் பிழை இருக்குது" என்றார்.

அச்சுப் பிழையா? குர்ஆனிலா?

மச்சான் என்றால் என் அக்கா ஜமீலாவின் வீட்டுக்காரர். வாளையார் செக்போஸ்ட் பக்கத்தில் லாரிக்காரர்களுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கிற கடை. அது பிழைப்புக்கு. ஊரில் அவருக்கு மரியாதை வேறு காரணத்துக்காக. அவர் ஹாஃபிழ். குர்ஆன் முழுவதும் மனப்பாடம். நோன்பு மாதத்து இரவுத் தொழுகையில் முன்னால் நின்று, பார்க்காமல் ஓதி, மாதத்துக்குள் முழுக் குர்ஆனையும் முடித்துக் கொடுப்பவர். எனக்கு மீசை முளைத்த காலத்திலிருந்து எங்கள் பள்ளிவாசலில் அவர் குரல்தான்.

சித்திரையில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. கை சரியாகிவிட்டது. பேச்சும் வந்துவிட்டது. கயிறு விலையெல்லாம் கரெக்டாகச் சொல்கிறார். அல்ஹம்துலில்லாஹ் என்று ஆட்டை அறுத்து ஊருக்கே சோறு போட்டோம்.

ஓதுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நோன்புக்கு முன் யாரையாவது எதிரே உட்காரவைத்து ஓதிக் காட்டுவார்கள். கேட்பவர் குர்ஆனை விரித்து, விரலை வரிமேல் வைத்துக்கொண்டே போக வேண்டும். தப்பினால் சரியான வரியை எடுத்துக் கொடுக்க வேண்டும். தொழுகையிலும் முன்னால் ஓதுகிறவர் தப்பினால் பின்னால் நிற்கிறவர் இப்படி எடுத்துக் கொடுப்பது உண்டு. இந்த முறை அந்த வேலை எனக்கு. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, கடையில், தார்ப்பாய்க் கட்டுகளுக்கு நடுவே. வெளியே லாரிகள் ஹாரன் அடித்தபடி வரிசையில் நிற்கும்.

மூஸா நபியின் வரலாறு குர்ஆனில் பல இடங்களில் வரும். சில வரிகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். எந்த ஹாஃபிழுக்கும் கால் வழுக்குகிற இடம் அது. மச்சானும் வழுக்கினார். ஏழாவது அத்தியாயத்தில் இருந்தவர், ஒரு வரியைத் தொட்டு இரண்டாவது அத்தியாயத்துக்குள் போய்விட்டார். என் விரல் இங்கே. அவர் குரல் எங்கோ. குரலில் ஒரு தயக்கம் இல்லை... அதே அழகு, அதே ஏற்ற இறக்கம்.

எடுத்துக் கொடுத்தேன். நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அதத்தானுங்களே நான் ஓதுனேன்?"

பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். திரும்பவும் படித்தார். அப்புறம்தான் அச்சுப் பிழை என்றார்.

வேறு பிரதி வாங்கிக்கொண்டு போனேன். அதிலும் அதே இடத்தில் வழுக்கினார். "இதுவும் அதே பிரஸ்ஸா இருக்கும், சாரமில்ல விடுங்க" என்றார்.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தினமும் விடிகாலை சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு அவர் ஓதுவதை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

"சொல்லீராதடா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடை போனாக்கூட அவுரு தாங்கிக்குவாரு. இது போயிருச்சுன்னு தெரிஞ்சா அவுரு இருக்க மாட்டாரு."

குர்ஆன் நூலான கதையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நபிகள் காலத்தில் அது பெரும்பாலும் மனிதர்களின் நெஞ்சில்தான் இருந்தது. நபிகள் மறைந்த பிறகு ஒரு போரில் மனப்பாடக்காரர்கள் நிறையப் பேர் இறந்துபோக, ஐயோ, வேதம் இவர்களோடு போய்விடுமே என்று பயம் வந்தது. முதல் கலீஃபா அதைத் தொகுக்கச் சொன்னார். பேரீச்ச மட்டை, தோல், எலும்பு, தட்டைக் கல் என்று எழுதிவைத்ததையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்தார்கள். தொகுத்தவருக்கே முழுவதும் மனப்பாடம். ஆனாலும் தன் நினைவை மட்டும் அவர் நம்பவில்லை. யார் கொண்டுவந்தாலும் இரண்டு சாட்சி கேட்டார். மூன்றாம் கலீஃபா பிரதிகள் எடுத்து ஊர் ஊராக அனுப்பியபோது, ஒவ்வொரு பிரதியோடும் ஓதத் தெரிந்த ஓர் ஆளையும் அனுப்பினாராம். வாய் ஓதி, காது கேட்டு, தப்பினால் அங்கேயே திருத்தி... அப்படித்தான் இன்றுவரை வந்திருக்கிறது.

அவர்கள் யாருக்கும் முகதாட்சண்யம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நூல் நின்றிருக்குமா?

நாங்கள் பார்த்தோம்.

பள்ளிவாசல் கமிட்டி செக்ரட்டரி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் காதுக்கும் விஷயம் போயிருந்தது. "இந்த வருசம் ஓதறதுக்கு உத்தமபாளையத்து ஹஸ்ரத் ஒருத்தருக்குச் சொல்லியாச்சு. மச்சான்கிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லீருங்க" என்றார். நான் பக்குவமாகச் சொன்னேன். எப்படி? "ரொம்ப நேரம் நிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லீட்டாரு மச்சான். அடுத்த வருசம் நீங்கதான்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த டாக்டர் அப்படி எதுவுமே சொல்லவில்லை.

முந்தாநாள் பிறை கண்டு, முதல் இரவுத் தொழுகை. மச்சான் அத்தர் பூசி, தொப்பி வைத்து, முன் வரிசையில் புது ஹஸ்ரத்துக்கு நேர் பின்னால் நின்றார். பக்கத்தில் நான். புது ஹஸ்ரத் நன்றாகவே ஓதினார். இரண்டாவது அத்தியாயத்தில் மூஸா நபியின் இடம் வந்தது.

மச்சான் எடுத்துக் கொடுத்தார்.

முன்னால் நிற்பவர் தப்பவே இல்லை. அவர் ஓதியது சரி. மச்சான் கொடுத்ததுதான் ஏழாவது அத்தியாயத்து வரி. இத்தனை நாள் விரல் வைத்துக் கேட்டதில் எனக்கே அது தெரிந்தது. ஹஸ்ரத் கொஞ்சம் நின்றார். பிறகு தன் வரியையே திரும்ப ஓதினார். மச்சான் இன்னும் சத்தமாக எடுத்துக் கொடுத்தார். பின்னால் பள்ளிவாசல் முழுக்க ஆட்கள். தொழுகையில் கையைப் பிடிக்க முடியாது, வாயைப் பொத்த முடியாது. யா அல்லாஹ், இவரை நிறுத்து என்று உள்ளுக்குள் கதறிக்கொண்டே கை கட்டி நின்றேன். ஹஸ்ரத் மூன்றாம் தரமும் சரியாக ஓதிவிட்டு ருகூவுக்குக் குனிந்துவிட்டார்.

தொழுகை முடிந்ததும் எல்லோரும் வந்து மச்சானுக்கு ஸலாம் சொல்லிக் கை கொடுத்தார்கள். அந்த மரியாதையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

வாசலில் செருப்பைத் தேடும்போது கேட்டார்.

"நல்லாத்தான் ஓதறாரு. ஒரு எடத்துல மட்டும் தப்பிட்டாரு. நான் எடுத்துக் குடுத்தது கேட்டுச்சுங்களா மாப்ள?"

"கேட்டுச்சுங்க மச்சான்."

"சரிதானுங்களே?"

அக்கா சொன்னது காதில் இருந்தது. தெருவிளக்கில் அவர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"சரிதானுங்க."

"பாவம், வெளியூர்க்காரரு. தினமும் அவுருக்குப் பின்னாடியே நின்னுக்கறேன். நாமதானுங்களே பாத்துக்கோணும்" என்று சொல்லி என் தோளைத் தட்டிவிட்டு நடந்தார்.

நோன்பு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.