சகலை பார்க்கப் போட்ட வேலி

ஆறுமுகநயினாருக்கு ஊரில் எல்லார் மேலும் பொறாமை கிடையாது. அந்த விஷயத்திலும் மனிதர் சிக்கனம். ஒரே ஒருவர் மேல்தான் வைத்திருந்தார், அதையும் ஆயுசு முழுக்கக் குறையாமல் வைத்திருந்தார். அந்த ஒருவர் அவருடைய சகலை செந்தில்வேல்.

அக்கா தங்கையைக் கட்டியவர்கள் இருவரும். மூத்தவள் வடிவம்மாள் நயினாருக்கு, இளையவள் சந்தனமாரி செந்தில்வேலுக்கு. மாமனார் மாப்பிள்ளையூரணியில் தமக்கிருந்த மனையை இரண்டாக்கி ஆளுக்குப் பாதி கொடுத்தார். பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரே கோடையில் இருவரும் கிணறு வெட்டினார்கள். செந்தில்வேலுக்கு நல்ல தண்ணீர் வந்தது. நயினாருக்கு வந்தது உவர், பாத்திரம் கழுவத்தான் ஆகும். பூமிக்கு அடியில் நடந்த காரியத்துக்கு செந்தில்வேல் என்ன செய்வார்? நயினார் அதையும் அவர் தலையில்தான் போட்டார். வடிவம்மாளுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே அடைப்புக் கிடையாது. குடத்தை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக் கிணற்றடிக்குப் போவாள், கொஞ்ச நேரம் பேசுவாள், தண்ணீரோடு வருவாள்.

செந்தில்வேல் தூத்துக்குடியிலிருந்து தோணியில் கொழும்புக்குக் கருப்பட்டி ஏற்றி அனுப்பினார். நயினார் அதே கருப்பட்டியைக் கடையில் சில்லறைக்கு நிறுத்து விற்றார். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

யுத்தம் முடிந்த மறுவருஷம், பட்டாளத்தார் மிச்சம் வைத்த முள்கம்பி ஏலத்துக்கு வந்தது. துறைமுகத்தில் ஆள் பழக்கம் உள்ள செந்தில்வேல் மலிவாக எடுத்துவந்து, கல்லுக்கால் நட்டு, வீட்டுக்கு மூன்று பக்கமும் வேலி போட்டார். அதுவரை எங்கள் தெருவில் எல்லாருக்கும் பனைமட்டை வேலிதான். கட்டுவோம், மழையில் இற்றுப்போகும், மறுபடி கட்டுவோம். கம்பி வேலியை வேடிக்கை பார்க்க வேற்றுத்தெருக்காரர்கள்கூட வந்தார்கள். நானும் போய் முள்ளைத் தொட்டுப் பார்த்தேன். நயினார் மட்டும் போகவில்லை. ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்த்தார், சாப்பிட உட்கார்ந்து பாதிச் சோற்றில் எழுந்தார்.

"நம்ம பக்கத்த மட்டும் ஏன் போடாம விட்டிருக்கான்? அவன் கம்பியும் நம்ம மட்டையும் சேந்து தெரியணும், நாலு பேரு சிரிக்கணும். அதுக்குத்தான்."

"நான் தண்ணி எடுக்க வரணும்னு விட்டிருக்காவ" என்றாள் வடிவம்மாள்.

"ஆமா, தர்மம் பண்ணுதான்."

மறுநாள் கடையில் பொட்டலத்தாளை விரித்து வேலிக் கணக்குப் போட ஆரம்பித்தார். சகலையிடம் ஒரு வார்த்தை சொன்னால் ஏலக் கம்பியே கிடைத்திருக்கும். அதற்கு வாய் வருமா? இரும்புக் கடையில் விலை கேட்டார், அது இரண்டு மடங்கு. வேலி கட்டுகிற மாசானத்தைக் கூப்பிட்டு மனையை அளக்கச் சொன்னார். கல்லுக்கால், கம்பி, குழி தோண்டக் கூலி, காலைச் சுற்றி இறுக்கச் சுண்ணாம்பும் ஜல்லியும். நாலு பக்கமும் என்றால் முந்நூறு ரூபாயைத் தாண்டியது. நயினார் கையில் இருந்தது நூற்றுப்பத்து. கால்களைத் தள்ளித் தள்ளி நட்டுப் பார்த்தார், தாளில்தான். கம்பி வரிசையைக் குறைத்துப் பார்த்தார். மாசானம் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவ்வளவு எட்டப் போட்டா கம்பி தொய்ஞ்சிரும் அண்ணாச்சி. இருக்க ரூவாய்க்கு ஒரு பக்கம் மட்டும் போடுவோம். தெருப்பக்கம் போட்டுருதேன். ஆடு அங்கன இருந்துதான் வருது."

நயினார் யோசித்தார். தெருப்பக்கம் போட்டால் தெரு பார்க்கும். சாயங்காலம் முற்றத்தில் கட்டிலைப் போட்டு உட்காருகிற சகலை பார்க்கமாட்டானே.

"நடுவுல போடு. அவன் வேலி எத்தன வரிசை?"

"அஞ்சு."

"அப்ப ஆறு."

வடிவம்மாள் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "நடுவுல அடைச்சா நான் தண்ணிக்கு எங்க போவேன்? கூடப்பொறந்தவள கம்பிக்கு அங்கிட்டு வச்சுப் பாக்கச் சொல்லுதீயளா?"

"தெருவழியாப் போ. சுத்தினா தேஞ்சா போயிருவ?"

வேலி எழுந்தது. வடிவம்மாள் நிறைகுடத்தோடு தெருவைச் சுற்றி வந்தாள். சுற்றுவதற்கே நேரம் சரியாகி, கிணற்றடிப் பேச்சு நின்றுபோயிற்று. இற்றுப்போன தெருப்பக்க மட்டையைத் தள்ளிக்கொண்டு ஆடுகள் வந்து அவளுடைய கீரைப்பாத்தியை மேய்ந்தன. நயினார் எதையும் கவனிக்கவில்லை. சகலை எப்போது பார்ப்பான் என்று வேலியோரம் காத்திருந்தார்.

ஒரு சாயங்காலம் செந்தில்வேல் வந்து கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "நல்லா இறுக்கமா நிக்கி அண்ணாச்சி. எவ்வளவு ஆச்சு?"

அந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை செலவும். "நூத்தி இருவது" என்றார் நயினார். பத்து ரூபாய் பெருமைக்கு.

மறுநாள் காலையில் செந்தில்வேல் தட்டில் வெற்றிலை பாக்கோடு அறுபது ரூபாய் வைத்து எடுத்து வந்தார். வேலியைப் பார்க்கப் போன நானும் அப்போது அங்கே இருந்தேன். எங்கள் பக்கத்து வழக்கம் அது. இரண்டு வீட்டுக்கும் பொதுவில் வேலி விழுந்தால் செலவு சரிபாதி. போட்டவர் கேட்காவிட்டாலும் மற்றவர் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பங்கை வாங்க மறுத்தால் உறவை முறித்ததாக அர்த்தம், பிறகு நல்லது கெட்டதுக்குக்கூட ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்க முடியாது. எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த வழக்கத்தை நயினார் எரிச்சலில் அடியோடு மறந்திருந்தார்.

தட்டைப் பார்த்தார். வாங்கினால் ஆசை ஆசையாகப் போட்ட வேலியில் பாதி சகலைக்குச் சொந்தம். முகம் கருத்துப்போயிற்று. "இருக்கட்டும், எதுக்கு" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வேலிக்கு அந்தப்புறம் சந்தனமாரி அப்படியே நின்றாள்.

"வாங்குங்க" என்றாள் வடிவம்மாள்.

நயினார் பின்னால் கட்டின கையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"உங்க எரிச்சலுக்கு நான் தெருவெல்லாம் சுமந்தேன். என் தங்கச்சிய விட்டுக்குடுக்க மாட்டேன். வாங்காட்டி இன்னைக்கே அவ வீட்டுக்குப் போயிருவேன். நீங்க உவர்த்தண்ணியக் குடிச்சிக்கிட்டு வேலியக் காவல் காத்துக்கிடுங்க."

அவள் அப்படிப் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. நயினார் மெல்லக் கையை நீட்டினார்.

"அந்த ரூவாய்ல நடுவுல ஒரு வாசல் வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மாசானம் மறுபடி வந்தார். "குடத்தோட ஒரு ஆளு நுழையுற அளவு போதும்லா அண்ணாச்சி?"

நயினார் சகலை வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார். "அவன் வீட்டுத் தெருவாசல் எத்தன அடி?"

"ஆறு இருக்கும்."

"எட்டு அடி வை."

எங்கள் தெருவிலேயே பெரிய வாசல், தெருவில் போகிற எவர் கண்ணிலும் படாத இடத்தில் இப்படித்தான் வந்தது. அக்காவும் தங்கையும் ஜோடியாக அதில் போய் வந்தார்கள், ஒரு குடமும் இடிக்கவில்லை. செந்தில்வேல் தம் கட்டிலை அங்கேயே இழுத்துப் போட்டுக்கொண்டார். "காத்து பிரமாதமா வருது அண்ணாச்சி" என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னார்.

"பாத்தீரா? வாசல் என் செலவு, காத்து அவனுக்கு" என்றார் நயினார் என்னிடம். சகலை கொடுத்த ரூபாயை மறந்து, சிரிக்காமல்தான் சொன்னார். பொறாமையில் கண்கூடக் கலங்கியிருந்தது.