பேரலுக்குப் பொட்டு வைக்காதீங்க

துப்பாக்கி ரிப்பேர் பண்றவன்னு சொன்னா ஒரு மரியாத இருக்குங்க, பஸ்ல பக்கத்து சீட்டுக்காரரு கூட கொஞ்சம் தள்ளி உக்காந்து எடம் விடுவாரு.

பெரம்பலூர்ல காதர் பாய் கடையில ரொம்ப வருஷமா வேல பாக்கறேன். கவர்மெண்டு லைசென்ஸ் உள்ள கடை. பேங்கு வாசல்ல நிக்கிற காவலாளிங்களோட ரெட்டக்குழல், பண்ணைக்காரங்களோட பிஸ்டல், ரைபிள் கிளப்புல சுடுறவங்களோட போட்டி பிஸ்டல், இவ்ளோதான் எங்க உலகம். அதுல எனக்கு வாய்ச்சது பேரல், அதான் குண்டு போற குழலு, அத மாத்துற வேல. தேஞ்சுபோன பேரல கழட்டிட்டு, வேற கம்பெனிக்காரன் செஞ்சது ஒண்ணப் பாத்துப் பொருத்தணும். பேரல் தனியா இருந்தாலும் அதுவும் துப்பாக்கி கணக்குதான். லைசென்ஸ்ல ஏத்தாம நாங்க கவரக்கூட பிரிக்க மாட்டோம். சட்டம் ஒண்ணும் கஷ்டமில்லைங்க, என்ன எழுதியிருக்கோ அதான். கஸ்டமரு அப்படி இல்ல. மிக்ஸி ரிப்பேர் பண்றவங்க, தையக்கடை வெச்சிருக்கவங்க, செல்போனுக்கு டிஸ்ப்ளே மாத்துறவங்க, நீங்கல்லாம் இதப் படிச்சா உங்களுக்குப் புரியும்.

கொஞ்சம் நீட்டிக்கிட்டுத் தெரியணும்

சிறுவாச்சூர் பக்கத்து பண்ணைக்காரரு ஒருத்தரு. பேரல் தேஞ்சு போச்சுன்னு வந்தாரு. பாத்தா பேரல் புதுப்பொண்ணு மாதிரி இருக்கு. வாங்குனதுலேருந்து சுட்டே இருக்க மாட்டாரு போல. "என்னங்க தேஞ்சிருக்கு?"ன்னு கேட்டேன். குரல எறக்கி, "தேயலப்பா. குட்டையா இருக்கு. இடுப்புல வெச்சா யாருக்கும் தெரிய மாட்டேங்குது. நீளமா ஒண்ணு போடு. அதுவும் திங்கக்கெழம, இல்லன்னா வெள்ளிக்கெழமதான் மாட்டணும். எங்க ஊரு காளியம்மன் கோயிலு அந்த ரெண்டு நாளுதான் தொறப்பாங்க"ன்னாரு.

காதர் பாய் பொறுமையா எடுத்துச் சொன்னாரு. நீளம் மாறுனா கலெக்டர் ஆபீஸ்ல அனுமதி வாங்கணும், என்னாத்துக்குன்னு கேப்பாங்க, இடுப்புல தெரியறதுக்குன்னு எழுதிக் குடுத்தா இருக்கற லைசென்சும் போயிடும். அதோட கார்ல உக்காரும்போது தொடையில குத்தும். கடைசியா சொன்னதுதான் அவர யோசிக்க வெச்சுது. எழுந்து நின்னாரு, உக்காந்து பாத்தாரு, மறுபடி எழுந்தாரு. அப்பறம் சொன்னாரு: "சரி பாய், பேரல் இருக்கறதே இருக்கட்டும். தோலு உறைய மட்டும் நீளமா தச்சுக் குடுங்க."

ரெடிமேடா, அளவெடுத்தா?

பிலோமினா டீச்சரு வரதராஜன்பேட்டைக்காரங்க. பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சரு. அரியலூர் ரைபிள் கிளப்புல அவங்க சுடுறதப் பாத்தா, விசில் ஊதுற கையா இதுன்னு தோணும். அவ்ளோ நெதானம். ஆனா ஸ்டேட் டீமுக்கு ஒவ்வொரு வருஷமும் கிட்டப் போயி கோட்ட விட்டுடுவாங்க. போன வருஷம் பிஸ்டல் பேரல் தேஞ்சு, நல்லா சுட்டதெல்லாம் ஓரத்துல போயி விழுந்துச்சு. அதத் தூக்கிக்கிட்டு கடைக்கு வந்தாங்க. "சார், இந்த வருஷமும் செலக்‌ஷன்ல வரலன்னா பிஸ்டல ஒப்படைச்சிட்டு வூட்டோட இருக்கேன்னு எங்க அத்தைகிட்ட வாக்கு குடுத்திருக்கேன். அவங்க கேட்டு வாங்குன வாக்கு"ன்னாங்க. அத்தைன்னா அவங்க மாமியாரு.

பேரல்ல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு அப்படியே போட்டா உக்காந்துக்கும்னு சொல்லி விக்கறது. உக்காரும், ஆனா கொஞ்சம் லொடலொடன்னு இருக்கும். இன்னொண்ணு வேணும்னே ஒரு நூலு பெருசா செஞ்சு அனுப்புவான். அந்த பிஸ்டலுக்குத் தக்கன அரத்தால ராவி ராவி உக்கார வைக்கணும். குண்டு ஒரே எடத்துல போயி விழும், ஆனா நாளு ஆகும். எது வேணும்னு கேட்டேன். டீச்சரு யோசிக்கவே இல்ல: "ரெடிமேட் ஜாக்கெட்டு எனக்கு என்னிக்கி சார் சரியா இருந்திருக்கு? நீங்க அளவெடுத்தே தைங்க."

ஒரு இழுப்பு, ஒரு பார்வை

இந்த வேலைய பாக்கறவங்களுக்கு நான் சும்மா உக்காந்திருக்க மாதிரிதான் தெரியும். விளக்குக் கரிய பேரல் மேல தடவுவேன். பிஸ்டல்ல மாட்டி எடுப்பேன். கரி எங்க அழிஞ்சிருக்கோ அங்க இடிக்குதுன்னு அர்த்தம். அந்த எடத்துல அரத்தால ஒரு இழுப்பு. மறுபடி கரி, மறுபடி மாட்டு. ராத்திரிப் பள்ளிக்கூடத்துல படிக்கும்போது தூக்கத்த அடக்கி பழகுனது இங்கதாங்க ஒதவுது.

டீச்சரு தெனம் ஸ்கூலு விட்டதும் போன் போடுவாங்க. "சார், தச்சாச்சா?" "இன்னும் காஜா எடுக்கலங்க." ரெண்டு வாரமா இதே பேச்சு. ஒருநா வேகமா நாலு இழுப்பு இழுத்துடலாமான்னு கை பரபரத்துச்சு. பக்கத்துல டீ குடிச்சிக்கிட்டிருந்த காதர் பாய் என் கையப் பாத்துட்டாரு. "தம்பி, டீச்சரு கோவப்பட்டா நாளைக்கு ஆறிடும், நீ கூட இழுத்துட்டா அத ஒட்ட வைக்க அல்லாகிட்டதான் போவணும்."

ஆயுத பூஜைக்கு மறுநாளு

வருஷா வருஷம் ஆயுத பூஜை முடிஞ்ச மறுநாளு கடையில கூட்டம். என்னன்னா, எல்லா துப்பாக்கிக்கும் சந்தனம், குங்குமம். வெளியில வெச்சா தொடச்சிடலாம். ஒரு பேங்கு காவலாளி, நல்ல மனுஷன், ரெட்டக்குழலோட ரெண்டு வாயிலயும் கட்ட வெரலால சந்தனத்த அப்பி, நடுவுல குங்குமம் வெச்சி கொண்டாந்துட்டாரு. பாக்க ரெண்டு கண்ணு மாதிரி இருக்கு. காஞ்சு கல்லாயிடுச்சு. உள்ள வரைக்கும் வழிஞ்சிருக்கு.

எனக்கு உண்மையிலேயே பதறிப் போச்சு. "அண்ணே, வாய அடைச்சிட்டு சுட்டா குண்டு வெளியில போவாது, பேரலு வெடிச்சு உங்க மூஞ்சிக்குத்தான் வரும். பொட்டு வைக்கணும்னா தோள்ல முட்டுக் குடுக்கற கட்டையில வைங்க, பேரல்ல வைக்காதீங்க"ன்னு கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன். அவரு ஒண்ணும் கோவிச்சிக்கல. நான் வெந்நி ஊத்தி குச்சி விட்டுக் கழுவுறத வேடிக்க பாத்துக்கிட்டே சொன்னாரு: "நான் வேலைக்குச் சேந்ததுலேருந்து ஒரு தடவ கூட சுட்டதில்லன்னு அந்த சரஸ்வதிக்குத் தெரியாதா தம்பி?"

தையக்காரன் வந்துட்டான்

டீச்சரு பேரலு முடிஞ்சுது. கிளப்புல வெச்சு சுட்டுப் பாத்தாங்க. அஞ்சு குண்டும் ஒரு ரூவா காசுக்குள்ள அடங்குச்சு. கிளப்பு பூரா காட்டி, "அளவெடுத்துத் தச்சது"ன்னு பெருமையா சொன்னாங்களாம். நானும் கொஞ்சம் நிமிந்துதான் நடந்தேன். செலக்‌ஷனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது போன் வந்துச்சு. டீச்சருதான். "சார், சிக்குது. குண்டு முழுசா உள்ள போயி உக்கார மாட்டேங்குது. நாளுக்கு நாளு ஜாஸ்தியாவுது"ன்னாங்க. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு.

அடுத்த பஸ்ஸப் புடிச்சு அரியலூர் போனேன். கிளப்பு சுடுற எடம் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குழி. மூணு பக்கமும் செவுரு மாதிரி மண்ணு, குண்டு வெளியில போவாது. ஆனா சிமெண்டு லாரி போற வர்ற புழுதி பூரா அங்கதான் எறங்கும், சாயங்காலம் எல்லாரும் மாவு மில்லுல வேல பாத்தவங்க மாதிரி வெளுத்துதான் வூட்டுக்குப் போவாங்க. பஸ்ல வர்றப்பவே மனசுக்குள்ள ஒவ்வொரு இழுப்பையும் மறுபடி எண்ணிக்கிட்டு வந்தேன். ஒரு இழுப்பு கூடப் போட்டுட்டேனோ? குறைச்சுட்டேனோ? டீச்சரு பிஸ்டல கையில குடுத்தாங்க, என் மூஞ்சியப் பாக்கல. கிளப்பு செக்ரட்டரி, ரிட்டையரான மனுஷன், நாற்காலிய நிழலுக்கு இழுத்துப் போட்டு உக்காந்துக்கிட்டு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாரு: "டீச்சர், அளவெடுத்தவரு வந்துட்டாரு, ஜாக்கெட்டு எங்க புடிக்குதுன்னு சொல்லுங்க."

எண்ண வாசம்

கழட்டுனேன். கரி தடவிப் பாத்தேன். என் வேல சரியாத்தான் இருக்கு. ஆனா பேரலோட பின்வாயில, குண்டு உள்ள போற எடத்துல, வெள்ளையா களி மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கு. சுண்ணாம்புப் புழுதிதான். ஆனா வெறும் புழுதி இப்படி ஒட்டாது, ஊதுனா பறந்துடும். துணியில தொடச்சு மோந்து பாத்தேன். நான் குடுத்த துப்பாக்கி எண்ணெயில்ல. நல்ல வாசன. "என்ன எண்ண போடுறீங்க டீச்சர்?" "நீங்க குடுத்ததுதான் சார்." துணிய அவங்க கையில குடுத்தேன்.

மோந்து பாத்தாங்க. மறுபடி மோந்து பாத்தாங்க. அப்படியே குழிச் செவுத்துல சாஞ்சிட்டாங்க. ஏலாக்குறிச்சி மாதா கோயிலு எண்ணெயாம் அது. அவங்க வூட்டுல சாமிப் படத்துக்குக் கீழ எப்பவும் ஒரு பாட்டிலு இருக்குமாம். பிஸ்டலு காலின்னு பாத்த ஒடனே தெரியணும்னு மேல்பாகத்தப் பின்னால தள்ளி நிறுத்திதான் பொட்டியில வைக்கணும், அது கிளப்புல சொன்ன முறை. அப்படி வெச்சா பேரலோட பின்வாயி பளிச்சுன்னு தொறந்து தெரியும். ஒரு வெரலு போற அளவு எடம். டீச்சரு தோட்டா பொட்டிய எடுக்க பீரோ பக்கம் திரும்புற நேரத்துல, ஒரு வெரலு போயிருக்கு. அவங்க சிரிக்கிறாங்களா அழுவுறாங்களான்னு எனக்குத் தெரியல. கடைசியில சொன்னாங்க: "என்னய நிறுத்தச் சொல்லி வாக்கு வாங்குனதும் அத்ததான் சார், தெனம் சிலுவ போட்டு அனுப்புனதும் அவங்கதான்."

கையிலயா, நெத்தியிலயா?

நீங்களே வந்து சொல்லிடுங்க, நான் சொன்னா அத்த மனசு ஒடஞ்சிடும்னு டீச்சரு கூட்டிக்கிட்டுப் போனாங்க. வரதராஜன்பேட்டையில அவங்க வூடு. அந்தம்மா எனக்கு காபி குடுத்துட்டு எதுத்தாப்ல உக்காந்தாங்க. ஒண்ணும் மறைக்கல. "புதுசா ஒரு சாமான் வூட்டுக்கு வந்தா மந்திரிக்காம எப்படித் தம்பி? பேரலு புதுசுன்னு இவதான் சொன்னா. வண்டிக்கும் போட்டோம், மோட்டருக்கும் போட்டோம், அதெல்லாம் ஓடுதுல்ல?" நான் புழுதி, எண்ண, களின்னு வெளக்குனேன். காதர் பாய் சொன்ன மாதிரி, கோவப்பட்டா ஆறிடும்னு நெனச்சுக்கிட்டேன். அந்தம்மா கோவப்படல. மொகம் சுருங்கிப் போச்சு. "அப்ப நான்தான் புள்ளய தோக்க வெக்கப் பாத்தேனா?"

"அதெல்லாம் இல்லம்மா, தொடச்சா போச்சு. எடத்த மட்டும் மாத்திக்குங்க"ன்னேன். "கைப்புடியில?" "வழுக்கும்மா." "சுடுற கையில?" "அதுவும் வழுக்கும்." "வெளியில, மேலாப்புல?" "பொட்டிக்குள்ள வழிஞ்சு மறுபடி அங்கதான் வரும்." டீச்சரு வாசல்ல நின்னு, கல்யாணம் ஆயி வந்ததுலேருந்து அத்த இப்படிக் கெஞ்சி நான் பாத்ததில்லன்னு முணுமுணுக்குறாங்க. "நெத்தியில போடுங்கம்மா. அங்க எந்தப் பார்ட்டும் இல்ல"ன்னேன். அந்தம்மா மருமவள ஒரு தடவ ஏற எறங்கப் பாத்தாங்க. அப்பறம் என்கிட்ட திரும்பி, அக்கறையா கேட்டாங்க: "இவளுக்கு நெத்தி வேர்க்கும் தம்பி, கண்ணுல வழிஞ்சா குறி தப்பாதுல்ல?"

போன் வந்த நாளு

செலக்‌ஷன் அன்னிக்கி நான் கடையில ஒரு வேலையும் ஒழுங்கா பாக்கல. மத்தியானம் தாண்டி போன் அடிச்சுது. டீச்சரு நம்பரு. ஆனா பேசுனது மாமியாரு. கூடவே போயிருக்காங்க, எண்ணப் பாட்டிலோட. பின்னால ஒரே சத்தம், கைதட்டு. டீம்ல எடம் கெடைச்சிடுச்சாம். ஒரு குண்டு கூட சிக்கலயாம். வாக்கு? "அத நான் திருப்பிக் குடுத்துட்டேன்"னாங்க, கடையில சில்லற குடுக்கற மாதிரி.

ரெண்டு வாரம் கரியோட உக்காந்தது, பஸ்ல இழுப்ப எண்ணிக்கிட்டுப் போனது எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. நம்ம வேலையப் பத்தி ஒரு வார்த்த சொல்லுவாங்கன்னு போன ஸ்பீக்கர்ல போட்டு காதர் பாய் பக்கம் நீட்டுனேன். அந்தம்மா நெறஞ்ச மனசோட சொன்னாங்க: "நீங்க சொன்ன எடம்தான் தம்பி சரியான எடம், நெத்தியில போட்டதும் பாருங்க, அந்தப் பேரலு என்னமா வேல செஞ்சுது!"

ராவுனது நானு, சுட்டது டீச்சரு, பேரு வாங்குனது எண்ண, ஆனாலும் அடுத்த பேரலுக்குக் கரி தடவிக்கிட்டு சந்தோஷமாத்தாங்க உக்காந்திருக்கேன்.