அவள் பஸ் ஏறவில்லை என்று சொன்னேன்

சினிமாக்காரர்கள் நாவலைக் கெடுத்துவிடுகிறார்கள் என்று ஆயுசு முழுக்கக் குறை சொன்னவள் நான். தமிழ் டீச்சராக இருந்த காலத்தில் ஸ்டாஃப் ரூமில் இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். கடைசியில் ஒரே ஒருவன் கெடுக்காமல் எடுத்தான். என் குடியைக் கெடுத்தது அந்தப் படம்தான்.

போன வருடம் ஐப்பசியில் அக்கா மருங்காபுரியிலிருந்து போன் செய்தாள். டிவியில் விளம்பரம் பார்த்திருக்கிறாள்.

"ஏண்டி, அந்த அணைக்கட்டுக் கதை, வாராவாரம் எனக்குச் சொல்லுவியே, அதைப் படமா எடுத்திருக்காங்களாமே. திருச்சியில ஓடுதாம். வரட்டுமா?"

அறுபதைத் தாண்டியவள். அத்தான் இருந்தவரை தியேட்டர் பக்கமே போனதில்லை. அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்கிப் படம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்கிறாள். "வாக்கா" என்று சொன்னேன். போனை வைத்ததும் அந்தப் படத்தைப் பற்றித் தேடினேன். இயக்குநரின் பேட்டி ஒன்று போனில் கிடைத்தது. நாவலின் முடிவை ஒரு துளிகூட மாற்றவில்லை என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். எத்தனை பேர் எத்தனை நாவலை மாற்றியிருக்கிறார்கள், இந்த மனுஷனுக்கு மட்டும் என்ன வந்தது என்று வயிறெரிந்தேன்.

ஏன் எரிந்தேன் என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

அப்போது நாங்கள் உறையூரில் இருந்தோம். நான் பிளஸ் டூ. அக்கா டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே கூடப் படித்த ஒருவருடைய கடிதம் அப்பா கையில் சிக்கியது. வேறு சாதி. அன்றோடு வகுப்பு நின்றது. அக்கா வாசலுக்குக்கூட வரக் கூடாது என்று ஆனது. அப்பா லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்தார். மூட்டையை இறக்குங்கள் ஏற்றுங்கள் என்று சொல்வது போலத்தான் வீட்டிலும் பேசுவார். மருங்காபுரியில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்தார். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கடிதம் எழுதிய அந்த மனிதரோ மாதக் கடைசியில் ஓசூருக்கு வேலைக்குப் போவதாகவும், அதற்குள் வந்தால் அழைத்துப் போவதாகவும் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தச் செய்தியைக் கொண்டுவந்து அக்காவிடம் சொன்னதும் நான்தான். அதை மட்டும் ஒழுங்காகச் சொன்னேன்.

அப்பா அக்காவுக்கு நேரில் ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டு எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். "பெரியவ ஏடாகூடமா ஏதாவது பண்ணினா, உன் படிப்பு அன்னையோட சரி. மறு முகூர்த்தத்துல உனக்கும் தாலி."

கதைகள்தான் பெண்களைக் கெடுக்கின்றன என்று வீட்டுக்கு வந்துகொண்டிருந்த வாரப் பத்திரிகையையும் நிறுத்திவிட்டார். அதில்தான் அந்தத் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. மலையில் அணை கட்டுகிற ஊர். வரைபடம் போட வந்தவனுக்கும் அந்த ஊர் தபால்காரர் மகளுக்கும் காதல். அவள் வீடே தண்ணீருக்குள் போகப்போகிறது. தண்ணீர் எதுவரை ஏறும் என்று வரைபடத்தில் கோடு போட வேண்டியவன் அவன். அழ வைப்பதற்கென்றே எழுதிய கதைதான். அதனால் என்ன, நாங்கள் அழுதோம்.

பத்திரிகை நின்ற பிறகு வியாழக்கிழமை தோறும் என் தோழி வீட்டுக்குப் போய் அந்த வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு வந்து அக்காவுக்குச் சொல்வேன். கொல்லையில் அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். யார் எப்படிப் பேசினார்கள், என்ன நிறத்தில் புடவை, எல்லாம் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டால் "அப்புறம் என்ன, முழுங்காம சொல்லு" என்பாள். நான் நன்றாகச் சொல்வேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது.

கடைசி அத்தியாயம் வந்தது. அணை வேலை முடிந்து அவன் காலை பஸ்ஸில் மலையிறங்குகிறான். அவள் ஒரு பையோடு வந்து பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். அவள் அப்பா ஓடி வருகிறார். இழுத்துப் போட்டு அடிக்கப்போகிறார் என்று நினைத்தால், அவள் மறந்து வைத்துவிட்ட கம்பளிச் சட்டையை ஜன்னல் வழியாக நீட்டுகிறார். அவ்வளவுதான் முடிவு.

தோழி வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குக் கல்லூரி தெரிந்தது, புத்தகப் பை தெரிந்தது, மறு முகூர்த்தம் தெரிந்தது. அக்கா தெரியவில்லை.

அன்றைக்கு அக்கா கதையை ஆரம்பத்திலிருந்து கேட்கவில்லை. நான் கொல்லைக்குப் போனதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "போனாளா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லைக்கா. ஏறலை."

பிறகு அதை எவ்வளவு அழகாகச் சொன்னேன் தெரியுமா? படியில் ஒரு காலை வைத்தாள், எடுத்துவிட்டாள், பஸ் போய்விட்டது, திரும்பினால் அப்பா நிற்கிறார், அவர் காலில் விழுந்தாள். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்தது. என் முடிவு மூலக்கதையின் முடிவைவிட உருக்கமாக இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். பின்னாளில் பரீட்சைத் தாளில் 'உம் சொந்த நடையில் எழுதுக' என்ற கேள்விக்குக் கதையையே மாற்றி எழுதிய பிள்ளைகளுக்கு நான் சிவப்பு மையில் பெரிய சுழியாகப் போட்டதுண்டு. என்ன யோக்கியதை!

சனிக்கிழமை காலை அக்கா அப்பாவிடம் போய், "மருங்காபுரிக்குச் சரின்னு சொல்லிடுங்க" என்றாள்.

நான் கல்லூரிக்குப் போனேன், டீச்சரானேன், பென்ஷன் வாங்குகிறேன். அக்கா வானம் பார்த்த பூமிக்குப் போய்க் கடலை பிடுங்கினாள். அத்தான் குடிக்க மாட்டார், சூதாட மாட்டார். கை மட்டும் நீளும். கல்யாணமான ஆறாம் வருடம் விட்ட ஓர் அறையில் அவளுக்கு இடது காது போனது. சாம்பார் ஆறிப்போயிருந்ததாம், அதற்காக.

படத்துக்குப் போனோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் தியேட்டர், மத்தியானக் காட்சி. நான் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்துகொண்டேன். குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சாய்கிற சீட்டில் சாயாமல் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

கூசாமல் சொல்கிறேன், நான் படத்தை ரசித்தேன். மழையில் நனைந்தாலும் கதாநாயகியின் தலைமுடி கலையவில்லைதான். தபால்காரர் வீட்டில் அத்தனை பெரிய ஊஞ்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லைதான். ஆனாலும் அவன் பென்சிலை எடுத்து அவள் வீட்டைத் தாண்டிக் கோடு போட முடியாமல் தலையைக் கவிழ்த்தபோது நான் பாப்கார்ன் பொட்டலத்தை வைத்துக்கொண்டு விசும்பினேன்.

அக்கா அழவில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் எனக்குச் சொன்னாள். "இப்ப பாரு, குடையைக் குடுத்துட்டு இவன் நனைஞ்சுக்கிட்டே போவான்." போனான். "இப்ப அவ பச்சைப் புடவையில வருவா." வந்தாள். நாற்பது வருடத்துக்கு முன்னால் நான் கொல்லையில் நின்று சொன்னதில் ஒன்றைக்கூட அவள் மறக்கவில்லை. முன்சீட்டுப் பையன் திரும்பி முறைத்தான். அவள் அதைக் கவனிக்கவில்லை.

காலை பஸ் வந்து நின்றது. அக்கா என் கையைப் பிடித்தாள். "படியில கால் வெப்பா. எடுத்துடுவா" என்றாள்.

அவள் ஏறிவிட்டாள். கம்பளிச் சட்டை ஜன்னல் வழியாக உள்ளே போனது. தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. அக்காவின் கை என் கையை விட்டது.

வெளியே வந்து ஒரு ஓட்டலில் காபி சொன்னோம். அவள் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திட்டானுங்கடி. அவ ஏற மாட்டா. ஜனங்க கை தட்டணும்னு மாத்தி வெச்சிருக்கானுங்க."

நான் காபியை ஆற்றினேன்.

"உனக்குத் தெரியாது. அந்த முடிவை நினைச்சு நான் எத்தனை நாள் மனசைத் தேத்திக்கிட்டிருக்கேன் தெரியுமா? அடி வாங்கிட்டு உக்காந்திருப்பேன். கதையில வர்றவளுக்கே தைரியம் வரலை, நமக்கு எங்கேருந்து வரும்னு நினைச்சுக்குவேன். இவனுங்க யாருடி அதை மாத்தறதுக்கு?"

அப்போதும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவள் எதிர்ச் சாரியிலிருந்த புத்தகக் கடையைப் பார்த்துவிட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் அதே நாவல், படத்தின் போஸ்டரையே அட்டையாகப் போட்டு அடுக்கி வைத்திருந்தார்கள். "வா, வாங்கிட்டுப் போவோம். கடைசிப் பக்கத்தைப் பாத்துட்டா தெரிஞ்சிடும்ல" என்று எழுந்தாள். நான் உண்மையைச் சொன்னது நல்ல மனசால் இல்லை, மாட்டிக்கொண்டதால்.

"மாத்தினது நான்தான்க்கா" என்றேன்.

ஓட்டல் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. நல்ல காதைத் திருப்பி, "என்ன சொன்னே?" என்று குனிந்தாள். இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

மறுபடி உட்கார்ந்தாள். டபராவைத் தள்ளி வைத்தாள். என் கல்லூரிக்காக என்று சொல்ல வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவளே கேட்டாள்.

"அம்மா சொல்லச் சொல்லுச்சா?"

எங்கள் அம்மா கடைசிக் காலத்தில் என்னோடு ஸ்ரீரங்கத்தில் இருந்தாள். இறந்து ஐந்து வருடமாகிறது. எதற்கும் மறுத்துப் பேச மாட்டாள்.

"ஆமாம்க்கா" என்றேன்.

இன்னொரு நாள் தங்குவதாக இருந்தவள் மறுநாள் காலையிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

அம்மா என்ன செய்தாள் என்பதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் முடிவை மாற்றிச் சொன்னது வியாழக்கிழமை. மறுநாள் சாயந்தரம் அம்மா அப்பாவிடம், வேண்டுதல் இருக்கிறது, கோயிலுக்கு வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அவள் பிடிவாதம் பிடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கடிதம் சிக்கியதிலிருந்து கொல்லைக் கதவுச் சாவியை அப்பா சொல்லி அவள் இடுப்பில்தான் செருகியிருப்பாள். அன்றைக்கு அதைக் கழற்றி அக்கா கண்ணில் படும்படி சமையல்கட்டு ஆணியில் மாட்டிவிட்டு, "வர எட்டு மணியாகும்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனாள். அக்கா அந்தச் சாவியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எட்டு மணிவரை எழுந்திருக்கவில்லை.

அம்மா திரும்பி வந்து கூடத்தில் அக்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். பிறகு சமையல்கட்டுக்கு வந்து என்னிடம் மெதுவாக, "இங்கதான் இருக்காளா?" என்றாள். கையிலிருந்த குங்குமப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினாள். எனக்கு எல்லாம் புரிந்தது. அன்றைக்காவது ஓடிப்போய் அக்காவிடம், அவள் ஏறிவிட்டாள், நான்தான் பொய் சொன்னேன் என்று கத்தியிருக்கலாம். எனக்குப் பசித்தது, சாப்பிட்டேன்.

இந்த மாசியில் அம்மாவின் நினைவு நாள் வந்தது. வருடா வருடம் அக்கா முதல் நாளே வந்துவிடுவாள். அம்மா படத்துக்கு முன்னால் புதுப்புடவை வைத்துப் படையல் போடுவோம். அவள்தான் சமைப்பாள், அம்மா கை ருசி அவளுக்குத்தான் வந்திருக்கிறது. இந்த வருடம் சாயந்தரம்வரை காணோம். போன் செய்தேன்.

"நான் வரலைடி."

"உடம்பு சரியில்லையாக்கா?"

"உடம்புக்கு என்ன. அந்தப் படத்துக்கு முன்னால நின்னு என்னால கும்பிட முடியாது. இங்க இருந்த படத்தையும் கழட்டிட்டேன். அப்பா அப்படித்தான்னு தெரியும். பெத்தவ நம்ம பக்கம்னு நினைச்சிருந்தேன்" என்றாள்.

சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். சாவியைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும்.

"நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காதே" என்றாள் அக்கா. "நீ சின்னப் புள்ள. பெரியவங்க சொன்னதைச் செஞ்சே. உம்மேல எனக்குக் கோவமே இல்லைடி."

"சரிக்கா" என்றேன்.

போனை வைத்துவிட்டு அம்மாவுக்கு இலை போட்டேன். அவள் முகத்தைப் பார்க்காமலே பரிமாறினேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அக்காவுக்கு என்மேல் கோபமில்லை என்பதில் எனக்கு நிம்மதியாக இருந்தது.